பயிற்சி முடிந்து திங்கட்கிழமை அதே வகுப்புக்குப் போன பிறகு: ஆசிரியர்களின் பணிச்சோர்வு

கரும்பலகை:

16 வருடமாகக் கணக்கு நடத்துகிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. போன மாதம் நடந்த ஒன்றை எங்காவது சொல்லியாக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பீரியட். வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மிஸ், எங்க தாத்தா இறந்துட்டாரு, அதான் மூணு நாளா வரல" என்றாள். நான் நிமிர்ந்து பார்க்காமலே "சரி, லீவ் லெட்டர் கொண்டுவா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். இரவு விடைத்தாள் திருத்தும்போது அவளுடைய தாள் கைக்கு வந்தது. காலையில் அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதைவிடப் பெரிய பயம் அடுத்த நிமிடம் வந்தது. உறைத்த பிறகும் எனக்கு வருத்தம் வரவில்லை. மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். நான் இப்படிப்பட்டவள் இல்லை. பிள்ளைகள் கண் கலங்கினால் எனக்கும் கலங்கிவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

இரண்டு வாரம் கழித்து உணர்ச்சிகளைக் கையாள்வது பற்றி எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நடத்தியவர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். கோபம் வரும்போது அதற்குப் பெயர் சொல்லிப் பார்ப்பது, பதில் சொல்லும் முன் மூச்சை நிதானப்படுத்துவது என்று உபயோகமான பலவற்றைக் கற்றுக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். எட்டு பீரியடில் ஏழு எனக்கு. மிச்சம் இருந்த ஒன்றில் வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போகச் சொன்னார்கள். மதியத்துக்குள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்றாவது பீரியடில் ஒரு பெற்றோர் வகுப்பு வாசலில் நின்று, பிள்ளைகள் பார்க்க என்னைச் சத்தம் போட்டார். தலைமையாசிரியர் பக்கத்தில்தான் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கற்றுக்கொண்டபடி மூச்சை விட்டேன், குரலை உயர்த்தவில்லை, எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் சாயங்காலம் முன்பைவிடக் காலியாக இருந்தேன்.

என் கேள்வி இதுதான். எனக்கு மனத்திறன் போதவில்லையா? இல்லை, இந்த இடத்தில் யாராக இருந்தாலும் இப்படித்தான் ஆவார்களா?

நடுபெஞ்ச்:

மேடம், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. உங்கள் 16 வருடத்துக்குப் பக்கத்தில் நின்று பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்த "வருத்தம் வரவில்லை" என்ற வரியைப் படித்ததும் நின்றுவிட்டேன். எனக்கு அது இப்போதே ஆரம்பித்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் வருமா?

மறுபக்கம்:

உங்கள் வேதனையைக் குறைத்துச் சொல்லவில்லை டீச்சர். ஆனால் என் அனுபவம் வேறு. ஒரே பள்ளி, ஒரே தலைமையாசிரியர், அதே பிள்ளைகள், அதே கால அட்டவணை. ஒருவர் 25 வருடம் முகம் மலர்ந்து நடத்துகிறார், அடுத்த வகுப்பில் இருப்பவர் ஐந்தாம் வருடமே ஒடிந்துபோகிறார். இடம்தான் காரணம் என்றால் இருவரும் ஒடிந்திருக்க வேண்டும்.

பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-ல் உணர்வு நுண்ணறிவு என்ற கருத்தை முன்வைத்தார்கள். பிறகு அதை நான்காகப் பிரித்தார்கள்: உணர்ச்சியைக் கண்டுகொள்வது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்வது, அதை நெறிப்படுத்துவது. ஆசிரியருக்கு இதில் முதலாவதும் மூன்றாவதும்தான் சோறு போடுகிறவை என்பேன். கடைசி பெஞ்சில் சலசலப்பு கேட்கிறது. பாடம் புரியாத சலசலப்பா, இடைவேளையில் போட்ட சண்டையின் மிச்சமா? இது தெரிந்தால் பக்கத்தில் போய் நின்றாலே போதும். தெரியாதவர் கத்துவார், கத்தியதற்காக வீட்டுக்குப் போய் வருந்துவார்.

ஜேக்கப் கூனின் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் வெளியிட்டதும் ஏறக்குறைய இதைத்தான் காட்டியது. வகுப்பை நன்றாக நடத்துகிறவர்களும் திணறுகிறவர்களும் குழப்பம் வந்த பிறகு செய்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. குழப்பம் வரும் முன் செய்ததில்தான் வித்தியாசம். இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய திறன், நானும் கற்றுக்கொண்டதுதான்.

கேட்கும்காது:

நான் பள்ளி ஆலோசகராக வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொல்லைப் பிரித்துவிடலாம். அலுப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். சலிப்பு, வேலையில் புதிதாக ஒன்று வந்தால் போகும். "மனசு விட்டுப்போச்சு" என்று சொல்கிறோமே, அது இந்த இரண்டும் இல்லை. பர்ன்அவுட், அதாவது பணிச்சோர்வு, என்பதற்கு மிகப் பக்கத்தில் இருக்கும் பேச்சுத்தமிழ் அதுதான் என்று நினைக்கிறேன். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-ல் இந்தச் சொல்லைக் கட்டுரையில் எழுதியபோது, இலவச மருத்துவ மையத்தில் உழைத்த தன்னார்வலர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிக ஈடுபாட்டோடு வந்தவர்கள்தான் முதலில் ஒடிந்தார்கள். நடுபெஞ்ச் தம்பி, இரண்டாம் வருடத்திலேயே வருமா என்று கேட்டீர்கள். வரும். அதை வைத்து நீங்கள் பலவீனமானவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். அது மூன்றை அளக்கிறது: உணர்ச்சி வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது, "நான் செய்து என்ன ஆகப்போகிறது" என்று தோன்றுவது. கரும்பலகை டீச்சர், அந்தப் பெண்ணிடம் நடந்தது இரண்டாவது. வற்றிப்போன மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தள்ளி நிற்கிறது. உங்களுக்குக் கல்மனது வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய் வகைப்பாடு 2019-ல் ஏற்கப்பட்டு, 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் பணிச்சோர்வை நோய்களின் கீழ் வைக்கவில்லை, பணி சார்ந்த நிகழ்வு என்றே வைத்திருக்கிறார்கள். சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். பணியிடம் என்ற சொல் அந்த விளக்கத்துக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். (ஒன்று மட்டும்: விடுமுறையிலும் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.)

இப்போது நீங்கள் மூச்சு விட்டுச் சமாளித்த அந்தத் திங்கட்கிழமை. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-ல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதும்போது இரண்டு வழிகளைச் சொன்னார். உள்ளே கோபத்தை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றுவது ஒன்று, உணர்ச்சியையே மாற்ற முயல்வது இன்னொன்று. ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வுகளில், முகத்தை மட்டும் மாற்றுவது திரும்பத் திரும்ப உணர்ச்சி வறட்சியோடு சேர்ந்தே காணப்படுகிறது. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸின் சோதனைகளில், உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களின் உடல் அமைதியாகவில்லை. 2000-ல் வந்த ஒரு தொடர் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: அப்படி அடக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் சொல்லப்பட்ட விவரங்கள் குறைவாகவே நினைவில் தங்கின. உள்ளே ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு வெளியே கேட்பது முழுதாகக் கேட்பதில்லை. அந்தப் பெண் சொன்னது இரவில்தான் உங்களுக்கு உறைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுபக்கம் சார், நீங்கள் சொன்ன திறன்கள் உண்மை. அவற்றை மறுக்கவில்லை. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவும் தெம்பு வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒரு நாளில் ஆயிரம் முறை வரைக்கும் மற்றவர்களோடு பேச்சுப் பரிமாற வேண்டியிருக்கிறது என்று ஃபிலிப் ஜாக்சன் 1968-லேயே எழுதினார். ஒவ்வொன்றிலும் கண்டுகொள், புரிந்துகொள், நெறிப்படுத்து என்றால், நடுவில் ஒரு பத்து நிமிடமாவது யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டாமா?

பழையமணி:

நான் 11 வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சருடைய பதிவில் பக்கத்தில் பேசாமல் நின்ற அந்தத் தலைமையாசிரியரின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஓர் அறிவியல் ஆசிரியை இருந்தார். பள்ளியிலேயே சிறந்தவர். ஆறாம் வருடம் முகம் வாடத் தொடங்கினார். சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். நான் கூப்பிட்டுப் பேசினேன். என்ன பேசினேன்? "கொஞ்சம் பொறுமையாக இருங்கள், ஒரு பயிற்சிக்கு அனுப்புகிறேன்" என்றேன். போய்வந்தார். அடுத்த வருடம் ராஜினாமா கடிதம் கொடுத்தார். காரணம் கேட்டபோது ஒரு வரிதான் சொன்னார்: "சார், என்னை சரிபண்ண அனுப்பினீங்க, ஸ்கூல்ல எதையும் சரிபண்ணல."

அந்த வருடம் கோடை முழுவதும் அந்த வரி என்னை விடவில்லை. பள்ளி திறந்ததும் முதல் வேலையாக, ஆசிரியர்கள் நிரப்பும் பதிவேடுகளை எல்லாம் என் மேஜையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். ஒரே மாணவனின் ஒரே விவரத்தை ஐந்து இடத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்றை யாருமே திறந்து பார்ப்பதில்லை. மேலிடம் கேட்காத, நாங்களே பழக்கத்தால் வைத்திருந்த பதிவேடுகள் அவை. நிறுத்தினேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அத்தனை வருடம் அத்தனை மாலைகளை அதற்குக் கொடுத்திருந்தோம்.

அப்புறம் பெற்றோர் விஷயம். எவ்வளவு கோபமாக வந்தாலும் முதலில் என் அறைக்குத்தான் வர வேண்டும் என்று வாசலிலேயே சொல்லவைத்தேன். பாதிக் கோபம் என் அறை நாற்காலியிலேயே அடங்கிவிடும். மிச்சத்துக்கு ஆசிரியரை அழைப்பேன், நானும் உட்கார்ந்திருப்பேன். தவறு ஆசிரியருடையது என்றாலும் அதைப் பிள்ளைகள் முன்னால் பேச விட்டதில்லை. இதற்குப் பணம் செலவாகவில்லை. நான் பயத்தை விட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், பெற்றோர் முன்னால் நான் வாயைத் திறக்காததற்கு அதுவரை காரணம் பயம்தான், நடுநிலை இல்லை.

வராத ஆசிரியருக்குப் பதிலாகப் போவதற்கும் ஒரு கணக்கு நோட்டு வைத்தேன். யார் எத்தனை முறை போனார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி ஸ்டாஃப் ரூமில் தொங்கியது. அதற்கு முன், மறுத்துப் பேசாதவர்கள் தலையிலேயே அது விழுந்துகொண்டிருந்தது. நோட்டைத் தொங்கவிட்ட முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது, அதிகம் போனவர்கள் எல்லாம் என் மிக நல்ல ஆசிரியர்கள்.

2030-க்குள் உலகத்துக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. இருக்கிறவர்களை இழந்துகொண்டே அந்த எண்ணிக்கையை எங்கே போய்த் தேடுவது?

அந்த அறிவியல் ஆசிரியை திரும்ப வரவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார்.

மறுபக்கம்:

பழையமணி ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். உங்களைப் போன்ற தலைமையாசிரியரிடம்தான் நான் முதல் ஒன்பது வருடம் வேலை செய்தேன் என்பது இப்போதுதான் எனக்கே புரிகிறது. என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அவர் கொடுத்த நிழல். கற்றுக்கொள்ள எனக்கு நேரம் கிடைத்தது, தப்பு செய்தபோது யாரும் அவமானப்படுத்தவில்லை. இதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார். இடம் மாறும்வரை டீச்சர் என்ன செய்வது? நாளை காலை முதல் பீரியட் இருக்கிறதே.

கேட்கும்காது:

நியாயமான கேள்வி. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பின்லாந்தில் 805 ஆசிரியர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. மேலாளரின் ஆதரவு, பாராட்டு, பள்ளியின் சூழல் போன்றவை ஆசிரியரின் ஈடுபாட்டைத் தாங்கிப் பிடிக்கின்றன, அதுவும் மாணவர்களின் நடத்தை மோசமாக இருக்கும்போதுதான் அதிகமாகத் தாங்குகின்றன என்று கண்டார்கள். கஷ்டமான வகுப்பை யாரிடம் கொடுக்கிறீர்களோ, அவருக்குத்தான் முதலில் துணை வேண்டும். பல பள்ளிகளில் நடப்பது தலைகீழ். கஷ்டமான வகுப்பு புதிதாக வந்தவருக்கு, அதுவும் தனியாக.

இரண்டாவது, மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பணியிடத்தில் ஆளுக்கும் வேலைக்கும் பொருத்தம் குலையும் ஆறு இடங்களைச் சொல்கிறார்கள்: வேலைச்சுமை, நம் கையில் இருக்கும் முடிவுகள், கிடைக்கும் மதிப்பு, சக ஊழியர் உறவு, நியாயம், நாம் மதிக்கும் விழுமியங்கள். டீச்சர், ஒரு தாளில் இந்த ஆறையும் எழுதி, எது உங்களை அதிகம் அரிக்கிறது என்று பாருங்கள். "எல்லாம் கஷ்டம்" என்று போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எது என்று தெரிந்தால் அதைக் கேட்கலாம்.

இரண்டாம்மணி:

நான் ஆசிரியர் இல்லை, ஒரு தந்தை. இந்த இழையைத் தற்செயலாகப் படித்தேன். வகுப்பு வாசலில் நின்று சத்தம் போட்டவன் நான்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் போன வருடம் வேறொரு பள்ளியில், வேறொரு வாசலில் அதையே நான் செய்தேன். மகன் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தான், நான் கிளம்பிப் போனேன். அந்த ஆசிரியை ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வந்தேன். அன்று அவர் மீதி நாளை எப்படி நடத்தியிருப்பார் என்று இன்றுதான் யோசிக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்யலாம்?

நடுபெஞ்ச்:

சார், அடுத்த முறை கோபம் வந்தால் ஒரு நாள் கழித்து வாருங்கள். தனியாகப் பேசுங்கள். அப்புறம், பையன் வீட்டில் எங்களைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொன்னால் அதையும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். போன வருடம் ஓர் அம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்பிய இரண்டு வரியை நான் கிழித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கேட்கும்காது:

இதில் பெற்றோர் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது. கனடாவில் 17 வகுப்புகளைச் சேர்ந்த 406 மாணவர்களிடம் உமிழ்நீர் எடுத்துச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். ஆசிரியரின் பணிச்சோர்வு அதிகமாக இருந்த வகுப்புகளில், மாணவர்களின் காலை நேரக் கார்ட்டிசால் (அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் ஹார்மோன்) அளவும் அதிகமாக இருந்தது. எது எதற்குக் காரணம் என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் ஒரே அறையில் இருப்பவர்களின் அழுத்தம் தனித்தனியாக நிற்பதில்லை என்பது மட்டும் தெரிகிறது.

கரும்பலகை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். அப்போதே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

அந்த ஆறையும் எழுதிப் பார்த்தேன். வேலைச்சுமைதான் முதலில் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நியாயம்தான் வந்தது. ஏழு பீரியட் நடத்துவது எனக்குப் பழக்கம். அந்த எட்டாவதும் என் தலையிலேயே விழுவதும், அவமானப்படும்போது பக்கத்தில் ஆள் இருந்தும் இல்லாமல் போவதும்தான் என்னை அரித்திருக்கிறது.

இன்னொன்றும் புரிந்தது. சினத்தைச் செல்லிடத்தில், அதாவது அது பலிக்கும் இடத்தில், காப்பதுதான் காப்பது என்று குறளை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். என் சினம் செல்லாத இடம் அந்த அலுவலக அறை. அங்கே அடக்கிக்கொண்டு, அது செல்லும் இடமான வகுப்பறைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சில நாள் கோபமாக வந்தது, அந்த நாள் மரத்துப்போன முகமாக வந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மூச்சு, வகுப்பறையில் எனக்கு இப்போது உதவுகிறது. ஆனால் அலுவலக அறையில் வேண்டியிருந்தது மூச்சு இல்லை, பேச்சு.

தலைமையாசிரியரிடம் போனேன். மூன்று கேட்டேன். மாற்று வகுப்புக்குக் கணக்கு நோட்டு: சரி என்றார். பெற்றோர் முதலில் அவர் அறைக்கு வருவது: கொஞ்சம் யோசித்து, அதற்கும் சரி என்றார். வாரத்தில் ஒரு நாள் கடைசி பீரியட் ஓய்வு: இந்த வருடம் முடியாது, ஆள் இல்லை என்றார். முகத்தைப் பார்த்தால் அவரும் தூங்கி நாளானவர் போலத்தான் இருந்தார். அதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணிடமும் பேசினேன். மதிய இடைவேளையில் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ சொன்னதை நான் சரியா கேட்கல, தாத்தாவைப் பத்திச் சொல்றியா?" என்றேன். "பரவாயில்ல மிஸ், நீங்க அட்டெண்டன்ஸ் எடுத்துட்டு இருந்தீங்க" என்று எனக்காகக் காரணம் சொன்னாள். அப்புறம் இடைவேளை முழுவதும் தாத்தாவைப் பற்றியே பேசினாள். அவர் பேப்பரில் வரும் கிரிக்கெட் ஸ்கோரை வைத்துத்தான் அவளுக்குச் சராசரி கணக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அன்று இரவு எனக்கு அழுகை வந்தது. வந்ததே என்று நிம்மதியாக இருந்தது.

பழையமணி:

அந்த மூன்றாவதை அடுத்த வருடக் கால அட்டவணை போடும் முன் மறுபடியும் கேளுங்கள் அம்மா. எழுத்தில் கொடுங்கள். அட்டவணை போடும் வாரத்தில் கேட்டால் கிடைக்கும், பள்ளி திறந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

நடுபெஞ்ச்:

மேடம், நானும் ஒன்று செய்தேன். பள்ளியின் வகுப்பறைகள் முட்டை அட்டை மாதிரி, ஒவ்வொருவரும் ஒரு குழிக்குள் தனியாக என்று டான் லார்ட்டி 1975-ல் எழுதியதை எங்கோ படித்திருந்தேன். என் பக்கத்து வகுப்பு ஆசிரியை 22 வருட அனுபவம் உள்ளவர். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். என் எட்டாம் வகுப்பு என் கைக்குள் நிற்கவில்லை, ஒரு நாள் வந்து பின்னால் உட்கார்ந்து பார்க்கிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். திட்டுவாரோ என்று பயந்துகொண்டுதான் கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், இத்தனை வருடத்தில் யாரும் தன்னை இப்படிக் கூப்பிட்டதே இல்லை என்றார். வியாழக்கிழமை ஐந்தாவது பீரியட் அவருக்கு ஓய்வு. வருகிறார். அதற்கு அடுத்த வாரம் நான் அவருடைய வகுப்புக்குப் போகிறேன்.